தேன் தொடும் இடத்தில்தான் மருந்து

விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெந்நீர், அரை மூடி எலுமிச்சம்பழம், ஒரு கரண்டி தேன். கொழுப்பு கரையும், ரத்தம் சுத்தமாகும், எதிர்ப்புச் சக்தி கூடும், முகம் பளபளக்கும். வாட்ஸ்அப்பில் இந்தப் பட்டியல் வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது. இந்த டம்ளரைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஓர் உறுத்தல். தேனுக்கு மருத்துவக் குணம் உண்டா என்று கேட்டால் உண்டு என்று தயங்காமல் சொல்வேன். அந்த டம்ளருக்குள் அது இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பேன். கேட்பவர்கள் இதை மழுப்பல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மழுப்பல் இல்லை, ஆனால் விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் கணக்கு. 100 கிராம் தேனில் சுமார் 82 கிராம் சர்க்கரைதான். பிரக்டோஸ் 38 கிராம் அளவுக்கும் குளுக்கோஸ் 31 கிராம் அளவுக்கும் இருக்கும், மிச்சம் மால்டோஸ் போன்றவை. தண்ணீர் 17, 18 கிராம். நொதிகள், அமிலங்கள், தாதுக்கள், மகரந்தம் எல்லாம் எஞ்சிய துளியூண்டுக்குள் அடக்கம். ‘தேனில் இரும்புச்சத்து இருக்கிறது’ என்பது பொய்யில்லை. 100 கிராமுக்கு 0.4 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அதைத் தேனிலிருந்தே எடுப்பதென்றால் தினம் 7 கிலோ குடிக்க வேண்டும். முருங்கைக்கீரையோடு போட்டி போடும் பொருளே இல்லை இது.

அடுத்தது, பலரும் கவனிக்காத கரண்டிக் கணக்கு. தேன் கனமானது, ஒரு லிட்டர் 1.4 கிலோ நிற்கும். அதனால் ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரையோ 4 கிராம்தான். அந்த 7 கிராம் தேனுக்குள் 5.7 கிராம் சர்க்கரை இருக்கிறது. ‘டீயில் சர்க்கரையை விட்டுவிட்டேன், ஒரு ஸ்பூன் தேன்தான்’ என்று சொல்லும் நீரிழிவுக்காரர் உண்மையில் கூடுதலாகத்தான் சாப்பிடுகிறார். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் தேன் வெள்ளைச் சர்க்கரையைவிடக் கொஞ்சம் கீழே நிற்கிறது. இந்த வேகத்தை அளக்கும் கிளைசீமிக் இண்டெக்ஸ் என்ற குறியீட்டில் சராசரியாகச் சர்க்கரை 65 என்றால் தேன் 58. எந்தப் பூவின் தேன் என்பதைப் பொறுத்து இதுவும் ஏறி இறங்கும். மருந்து அளவைக் குறைக்கிற வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சர்க்கரைக்கு வரம்பு சொன்னபோது தேனையும் அதே கணக்கில்தான் சேர்த்தது. முடிந்தால் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது எல்லா இனிப்பும் சேர்த்து நாலு டீஸ்பூன் தேனுக்குச் சமம். காலை டம்ளரில் மேசைக்கரண்டியால் ஊற்றினால் 64 கலோரி உள்ளே போகிறது. அதைக் குடித்து எடை குறைந்தவர்களுக்கு, அந்த டம்ளர் வந்ததும் விலகிப்போன பால் காபியும் பிஸ்கட்டும்தான் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

வெந்நீர்க் கட்சிக்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு: ‘தேனைச் சூடாக்கினால் விஷம்.’ சூடான தேன் கூடாது என்று சரகர் காலத்திலிருந்தே ஆயுர்வேதம் சொல்லிவருகிறது. அதற்கு இப்போது காட்டப்படும் விஞ்ஞானச் சான்று எச்எம்எஃப் என்ற பொருள். சூடுபட்டாலும் பழசானாலும் தேனில் இது கூடும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. வறுத்த காபித்தூளில் இது அதைவிட எவ்வளவோ அதிகம். எனவே விஷம் என்று பயப்பட வேண்டாம். சூட்டில் நிஜமாகவே தொலைவது வேறொன்று, அதற்குத்தான் வருகிறேன்.

மூன்று ஆய்வுகள், ஒரே இடம்

தேனுக்குச் சாதகமாக வந்த ஆய்வுகள் ஏராளம். அதில் எலிக்குக் கொடுத்துப் பார்த்ததையும், சோதனைக் குழாயில் கிருமி செத்ததையும், பத்துப் பேரை வைத்து முடித்ததையும் தள்ளிவிட்டு, மருத்துவர்கள் நம்பி எடுத்தாளும் சான்றுகளை மட்டும் ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள். குழந்தைகளின் சளி இருமல். தீப்புண், சில வகைக் காயங்கள். பொத்தான் பேட்டரி விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய். தொண்டை, தோல், உணவுக்குழாய், மூன்றிலும் தேன் நேராகப் போய்த் தொடுகிறது. செரித்து ரத்தத்தில் கலந்து எங்கோ போய் வேலை செய்ததாக இந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. இதைக் கவனித்த பிறகு எனக்கு அந்த டம்ளர் விவகாரம் தீர்ந்துவிட்டது. தேன் தொடும் இடத்தில் மருந்து. விழுங்கி வயிற்றுக்குள் கரைந்த பிறகு அது சர்க்கரை.

காரணம் தண்ணீர். தேனில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் சர்க்கரை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கிறது, கிருமிக்குக் குடிக்கக் கிடைக்காது. போதாததற்குத் தேன் கிருமியின் உடம்பிலிருக்கும் நீரையும் உறிஞ்சிவிடும். கூடவே புளிப்பு. பிஎச் எனப்படும் அமில அளவு சராசரியாக 3.9 (7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும்), நாக்கில் தெரியாதபடி இனிப்பு மூடிவிடுகிறது. மூன்றாவதாக, தேனீ தன் தலையில் உள்ள சுரப்பியிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. முதிர்ந்த தேனில் இது தூங்கிக்கொண்டிருக்கும். காயத்தின் நீர் கொஞ்சம் ஊறிக் கலந்தால் விழித்துக்கொண்டு, குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சிறுகச் சிறுக உண்டாக்கும். மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் அதே பொருள்தான், பல மடங்கு நீர்த்த அளவில், மணிக்கணக்காக. இப்போது 7 கிராம் தேனை 200 மில்லி வெந்நீரில் விடுங்கள். மூன்று சதவீதச் சர்க்கரைத் தண்ணீர். கிருமியை உலர்த்தும் வலு போயிற்று. நீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால் நொதியும் போயிற்று. சூட்டில் தொலைவது என்று சொன்னேனே, அது இந்த நொதிதான்.

இருமலுக்கு: அளவும் நேரமும்

2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சளி பிடித்து ராத்திரி இருமும் 2 முதல் 18 வயதுக்காரர்கள். ஒரு பிரிவுக்குப் படுக்கப்போகும் முன் தேன், ஒரு பிரிவுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து, ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. பெற்றோர் போட்ட மதிப்பெண்ணில் தேன் முதலிடம். இருமல் மருந்தோ, ஒன்றுமே கொடுக்காததைவிடச் சொல்லிக்கொள்ளும்படி மேலாக இல்லை. 2012-ல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் 300 பேரிடம் மூன்று வகைத் தேனைச் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பேரீச்சம்பழப் பாகு. பாகு குடித்தவர்களுக்கும் இருமல் குறைந்தது, தேன் குடித்தவர்களுக்கு அதைவிட அதிகமாகக் குறைந்தது. ஆக இனிப்பும் கொழகொழப்பும் தொண்டையில் படர்வதே பாதி வேலை, மீதியைத்தான் தேன் தன் பங்குக்குச் செய்கிறது. பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-ல் சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுவதற்கு முன் தேனைச் சொல்லச் சொன்னது.

இதற்கு நம் பக்கத்தில் கனமான காரணம் ஒன்று உண்டு. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இருந்தது. தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை. அதையடுத்து மத்திய சுகாதார சேவைகள் இயக்ககம், 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்தே கூடாது, 5 வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்று சுற்றறிக்கை விட்டது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குச் சாதாரண சளி இருமல் என்றால், தேனை விடப் பாதுகாப்பான கைவைத்தியம் என்ன இருக்கிறது?

கொடுக்கும் விதம் இதுதான். 1 முதல் 5 வயதுக்கு அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன், 6 முதல் 11 வரை ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் இரண்டு. படுப்பதற்கு அரை மணி முன்னால், எதிலும் கலக்காமல், நாக்கில் விட்டு மெதுவாக இறங்கவிட வேண்டும். உடனே தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் தொண்டையில் படர்ந்ததெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். மிளகுத்தூள், சித்தரத்தை, தாளிசாதி சூரணம் குழைத்துக் கொடுப்பது பெரியவர்களுக்குச் சரி. சித்த மருத்துவத்தில் தேன் அனுபானம், மருந்தைச் சுமந்து செல்லும் துணை. சின்னப் பிள்ளைக்கு மிளகு எரிந்து இருமலைக் கிளப்பும், வெறும் தேன் போதும். பல் துலக்கிய பின் இனிப்பு வாயோடு தூங்குவதால் இதை மாதக்கணக்கில் செய்யக் கூடாது, நாலைந்து ராத்திரிக்கான வைத்தியம் இது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளிழுத்தாலோ, விசில் சத்தம் கேட்டாலோ தேன் பாட்டிலைத் தேடாமல் டாக்டரிடம் ஓடுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

எந்தத் தேன் என்ற கேள்வி

தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும், திரியில் நனைத்துக் கொளுத்தினால் எரிய வேண்டும், பேப்பரில் ஊறக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது, நாய் நக்கக் கூடாது. இந்தச் சோதனைகளில் ஒன்றுகூடச் சுத்தத்தைச் சொல்லாது. முதல் மூன்றும் அளப்பது ஈரத்தை மட்டும்தான். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அடியில் போய் உட்காரும், திரியில் எரியும். மழைக்காலத்தில் எடுத்த அசல் தேன் ஈரம் அதிகமாக இருந்தால் படபடவென்று பொரிந்து அணையும். எறும்புக்கோ எதுவும் இனிப்புதான். ஆய்வகத்தையே ஏமாற்றும் காலம் இது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளைச் சோதித்து வெளியிட்டது. பெரும்பாலானவை வழக்கமான இந்தியச் சோதனைகளைத் தாண்டிவிட்டன, ஜெர்மனியில் செய்த என்எம்ஆர் சோதனையில், அதாவது காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் சோதனையில், சிக்கின. 77 சதவீத மாதிரிகளில் பாகு கலந்திருந்தது என்பது அவர்கள் முடிவு. நிறுவனங்கள் மறுத்தன. கரும்பு, சோளப் பாகைக் கண்டுபிடிக்கும் பழைய முறைக்கு அரிசிப் பாகு தெரியாது என்பதுதான் சூட்சுமம். அடுப்படித் தீக்குச்சிக்கு எங்கே தெரியப்போகிறது?

உறைந்த தேன் கலப்படம் என்பது இன்னொரு தப்பெண்ணம், இதனால் நல்ல தேன்தான் அடிபடுகிறது. குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் உறையும், அதன் குணம் அது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தேன் சீக்கிரமே உறையும். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து வருவது அது, பூவிலிருந்து வருவதே இல்லை. மார்த்தாண்டம் தேன் சந்தையே பெரும்பாலும் இதை நம்பித்தான் இருக்கிறது. அடியில் மணல்மணலாக உறைந்தால் மூடியைத் தளர்த்தி, பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரி வெந்நீரில் வைத்து, நீர் ஆற ஆற மாற்றினால் ஒன்றிரண்டு மணியில் இளகிவிடும். அடுப்பில் நேராக வைப்பதும் மைக்ரோவேவும் நொதியைக் கொல்லும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக உறையும், வெளியில்தான் வைக்க வேண்டும். மேலே நுரை கட்டி, கள் வாடை அடித்து, மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்றால் அது புளித்துவிட்டது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய தேனில் காட்டு ஈஸ்ட் கிளம்பிவிடும். ஈரக் கரண்டியை உள்ளே விடுவதும் அதையே செய்யும். கொட்டாத சின்னத் தேனீ சேர்க்கும் கொசுத்தேன் மட்டும் விதிவிலக்கு. அதில் இயல்பாகவே ஈரமும் புளிப்பும் அதிகம்.

புண்ணுக்கு

தேனை நவீன மருத்துவம் முழு மனதோடு ஏற்றுக்கொண்ட இடம் இது. சோலாப்பூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் சுப்ரமணியம் 1991-ல் 104 தீக்காய நோயாளிகளைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பாதிப் பேருக்குத் தேன், பாதிப் பேருக்கு அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் பூசிய வெள்ளிக் களிம்பு. ஏழு நாளில் தேன் பூசிய காயங்களில் 91 சதவீதம் கிருமியற்றுப் போயின, களிம்பு பூசியதில் 7 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டால் சந்தேகப்படுவது ஆய்வாளர்களின் வேலை. 2015-ல் கோக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளைச் சேர்த்து அலசிச் சொன்னது கொஞ்சம் அடக்கமானது. மேலோட்டமான, பாதி ஆழத் தீப்புண்கள் வழக்கமான கட்டுகளைவிட நாலைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன. அறுவைக்குப் பின் சீழ் பிடித்த காயத்துக்கும் பலன் உண்டு. நரம்புச் சுருட்டலால் வரும் கால் புண்ணுக்குப் பெரிதாகப் பலன் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் சமையலறைத் தேனைப் புண்ணில் ஊற்ற வேண்டாம். மருத்துவத் தேனைக் காமா கதிரால் சுத்திகரிக்கிறார்கள், நொதி கெடாமல் கிருமி வித்துகளை மட்டும் அழிக்க அதுவே வழி. செய்முறையும் வேறு. தேனைக் காயத்தில் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டுத்துணிக்கு 20 மில்லி வீதம் துணியில் ஊறவைத்து, அதன் மேல் நீர் கசியாத உறை போட்டுக் கட்டுவார்கள். புண்ணில் நீர் அதிகம் ஊறினால் தேன் நீர்த்துப்போகும், அப்போது கட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். புளிப்பால் சிலருக்குச் சுரீரென்று எரியும். வீட்டில் கை சுட்டுக்கொண்டால் முதல் வேலை 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். அந்த நேரத்தில் தேன், பற்பசை, இங்க், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் கைவைத்தியமே கூடாது.

பொத்தான் பேட்டரி

பலருக்கும் தெரியாத ஒரு பயன் இது. பொம்மை, ரிமோட், எடை மெஷினில் இருக்கும் வட்ட பேட்டரியை, முக்கியமாக சிஆர்2032 அளவு லித்தியம் பேட்டரியை, குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், ஈரத்தசையோடு மின்னோட்டம் ஏற்பட்டுத் தசையை அரிக்கும் காரம் (அல்கலி) உண்டாகிறது. இரண்டு மணி நேரத்தில் ஆழமாக வெந்துவிடும். தேன் அந்த இடத்தில் படர்ந்து, தன் புளிப்பால் காரத்தைத் தணிக்கிறது. பன்றிக்குட்டிகளின் உணவுக்குழாயில் செய்த சோதனைகளுக்குப் பிறகு 2018-ல் அமெரிக்க நச்சுமுறிவு மையம் இதைத் தன் வழிகாட்டலில் சேர்த்தது. ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி ஆகாமல், குழந்தையால் விழுங்க முடிந்தால், 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி, அதிகபட்சம் ஆறு முறை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் கொடுக்க வேண்டியது இது. தேனைத் தேடி ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. வேறு எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்து, பேட்டரியை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

சேனை

ஒரு வயது என்ற எல்லை மறுபடி மறுபடி வருகிறது. பிறந்த குழந்தையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் தேன் தொட்டுவைப்பது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. ‘யார் சேனை வைத்தார்களோ அவர் குணம்தான் வரும்’ என்பார்கள். தென்மாவட்டங்களில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காயைக் கல்லில் இழைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் உரைமருந்தும் உண்டு. பால் மறக்கடிக்க, அழுகை நிறுத்த, ரப்பரில் தேன் தடவிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே ஆபத்து. மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனிலும் இருக்கலாம். தேனில் அவை முளைக்காது, சாகவும் சாகாது. கொதிக்கவைத்தாலும் பலனில்லை, அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும். எவ்வளவு சுத்தமான மலைத்தேன் என்பதும் இங்கே எடுபடாது, சுத்தத்துக்கும் வித்துக்கும் சம்பந்தமில்லை. பெரியவர்கள் குடலில் வேறு நுண்ணுயிர்கள் குடியிருப்பதால் வித்து முளைக்க இடமில்லை. பச்சிளங்குழந்தையின் குடல் காலி வீடு. அங்கே முளைத்து நஞ்சைச் சுரந்து நரம்பை முடக்கும். 1976-ல் கலிபோர்னியாவில்தான் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். தூசி, மண் வழியாகவும் வரும், எல்லாப் பழியும் தேன் மேல் இல்லை. ஆனால் நம் கையால் தவிர்க்கக்கூடிய வழி தேன்தான்.

சேனை வைத்தே ஆக வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், தாயின் சீம்பாலைப் பாட்டியின் சுத்தமான விரலால் தொட்டு உதட்டில் வைக்கச் சொல்லலாம், சடங்கும் நடந்துவிடும். ஏற்கெனவே தேன் கொடுத்தாகிவிட்டது என்றால் பதற வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு மாதத்துக்குக் கவனித்துக்கொண்டிருங்கள். முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல். அப்புறம் பால் குடிக்கும் வேகம் குறையும், அழுகைச் சத்தம் தேயும், இமை சரியும், நின்றிருந்த தலை துவளும். காய்ச்சல் இருக்காது என்பதால் ‘குழந்தை அமைதியாக இருக்கிறது’ என்று விட்டுவிடுவார்கள். இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே குழந்தைகள் நல மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். அவர் கேட்காவிட்டாலும் தேன் கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள், எத்தனையாவது நாள், எத்தனை தடவை என்பதையும் சேர்த்து. மாமியாரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடுமே என்று அந்த ஒரு தகவலைத்தான் வீட்டில் மறைத்துவிடுகிறார்கள்.